மொட்டைமாடியில் தொடங்கி அடுப்படியில் முடியும் வேலை

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் தமிழர் பகுதி. அங்கே வைசியாள் தெருவில் நுழைந்ததும் வெயில் கொஞ்சம் தணியும். தெருவை ஒட்டித் தாழ்வாரம் இறங்கியிருக்கும், அதன் நிழலில் திண்ணை, திண்ணைக்குப் பின்னால் செதுக்குவேலை செய்த தேக்குக் கதவு. அண்ணாந்து பார்த்தால் மாடியில் பிரெஞ்சுக்காரர் பாணியில் வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவரும் தெரியும். கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு. இந்தச் சேர்க்கைக்கு ஊரில் வயது அதிகம். 1738 வாக்கில் எழுந்த ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையிலேயே தரைத்தளத்தில் மரத்தூண், மேல்தளத்தில் காரைத்தூண் என்று இரண்டும் ஒரே வீட்டில் நிற்கின்றன.

வைசியாள் தெரு இன்றைக்கு இப்படி இருப்பது தானாக நடந்ததில்லை. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ, இத்தாலியின் உர்பினோ ஆகிய நகரங்களும் கைகொடுக்க, மரபுடைமைப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு இந்தத் தெருவின் வீட்டு முகப்புகளைச் சீர்செய்தது. 2008இல் அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுடைமைப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

முகப்பைச் சீர்செய்தாயிற்று, உள்ளே யார் குடியிருப்பது? 1990களில் இன்டாக் எடுத்த கணக்கில் புதுச்சேரியில் 1,800க்கு மேற்பட்ட மரபுக் கட்டடங்கள் இருந்தன. அவற்றில் பல நூறு இன்று இல்லை. விற்கும் குடும்பங்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மாடி ஒழுகுகிறது, சுவரில் ஓதம் ஏறுகிறது, கழிவறை கொல்லைக்கோடியில் இருக்கிறது, வண்டி நிறுத்த இடமில்லை, பிள்ளைக்குத் தனி அறையில்லை. இவை உண்மையான கஷ்டங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கடையில் குளியலறை ஓடும் மாடுலர் கிச்சனும் பார்த்துவிட்டு வந்து அங்கிருந்து தொடங்குகிறார்கள். பழைய வீட்டுக்கு வரிசை நேர்மாறானது: முதலில் தண்ணீர், பிறகு மரம், பிறகு சுவர், அதன்பின் மின்கம்பி, எல்லாம் முடிந்து அறைகள்.

காகிதமும் கையெழுத்தும்

கொத்தனாரைக் கூப்பிடும் முன் பத்திரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். புதுச்சேரியின் பழைய சொத்துகள் பலவற்றுக்கு மூலப் பத்திரம் பிரெஞ்சில் இருக்கும், நொத்தேர் என்ற பத்திரப்பதிவு அலுவலர் எழுதியது. அதை மொழிபெயர்த்துக்கொள்வது முதல் செலவு. பங்காளிகளில் ஒருவர் பாரிசில் இருப்பார், ஒருவர் சென்னையில் இருப்பார். எல்லோருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும். தமிழர் பகுதி வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுச்சுவர் ஒன்றாகவே இருக்கலாம். அந்தச் சுவரில் உத்திரம் மாற்றப்போகிறோம் என்றால் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பாதி வேலையில் நின்றுபோன வீடுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு பேசாத பேச்சு இருக்கும்.

வீடு மரபுக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா, எந்தத் தரப்பிரிவில் என்று விசாரிக்க வேண்டும். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது அந்தத் தரப்பிரிவைப் பொறுத்தது. நகரமைப்புக் குழுமத்தில் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது மரபுடைமைக் குழுவின் பார்வைக்கும் போகும். இதை இடைஞ்சலாக நினைக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் கிடைக்கும் ஆலோசனை பல லட்ச ரூபாய் தவறைத் தடுத்துவிடும்.

ஒரு மழைக்காலம் பார்த்திருப்பது

பொறுமையிருந்தால் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வீட்டை வெறுமனே பார்க்க வேண்டும். எங்கே சொட்டுகிறது, முற்றத்தில் தேங்கும் தண்ணீர் வடிய எத்தனை நேரமாகிறது, எந்தச் சுவர் எந்த உயரம் வரை கறுக்கிறது என்று வீட்டுப் படம் ஒன்று வரைந்து அதிலேயே தேதி போட்டுக் குறித்துவர வேண்டும். கையில் அளவுநாடா, டார்ச், சின்னச் சுத்தி, கூர்மையான ஸ்க்ரூடிரைவர் போதும். சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தில் ஒட்டித் தேதி எழுதலாம். நாலு மாதம் கழித்தும் கண்ணாடி முழுசாக இருந்தால் அது பழைய வெடிப்பு, அடைத்தால் போதும். உடைந்திருந்தால் அஸ்திவாரமோ உத்திரமோ இன்னும் நகர்கிறது என்று பொருள். அப்போது மரபுக் கட்டடங்களில் அனுபவமுள்ள பொறியாளர் வந்து பார்த்தே தீர வேண்டும்.

புதுச்சேரிக்கு மழையின் பாடம் புதிதில்லை. 1870-71இல் கட்டிய மேரி என்ற நகராட்சிக் கட்டடம், பராமரிப்பில்லாமல் தண்ணீர் இறங்கி இறங்கி, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் பழைய உருவத்திலேயே மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். உருவம் திரும்பி வந்தது. பழைய சுவரும் பழைய உத்திரமும் போனது போனதுதான்.

மாடி

தமிழர் பகுதி வீடுகளின் மேல்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓட்டுக் கூரை சரியும். மெட்ராஸ் டெரஸ் எப்படிக் கட்டியது என்று தெரியாமல் அதில் கைவைக்கக்கூடாது. சுவரிலிருந்து சுவருக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாக மரச்சட்டங்கள். சட்டங்களின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைக்கு மூலை சாய்வாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நாலு அங்குலம் பரப்பி, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். அடித்த கட்டை தடம் பதியாமல் துள்ளித் திரும்பினால்தான் தளம் இறுகியதாகக் கணக்கு. கடைசியாக மேலே தட்டோடு.

இந்தத் தளம் ஒழுகினால் பலர் செய்வது, மேலேயே இரண்டு அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போட்டு ஓடு பதிப்பது. ஐந்து செ.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 120 கிலோ. நாலு மீட்டருக்கு மூன்றரை மீட்டர் அறைக்கு மேலே இப்படிப் போட்டால் ஒன்றரை டன்னுக்கு மேல் பாரம் ஏறுகிறது, அதுவும் நூறு வருடம் உழைத்த மரச்சட்டங்களின் முதுகில். ஒழுக்கும் நிற்பதில்லை. வெயிலில் கான்கிரீட்டும் சுண்ணாம்பும் வேறுவேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன, வெடிப்பு வருகிறது, உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரத்தில் நிற்கிறது.

சரியான வழி கீழ்நோக்கி உரிப்பது. பின்னாளில் ஏற்றிய அடுக்குகளை மின்னதிர்வு இயந்திரம் இல்லாமல், கை உளியால் எடுக்க வேண்டும். பழைய சுண்ணாம்பு ஜல்லி தட்டினால் கணீரென்று ஒலித்தால் அது நல்ல நிலையில் இருக்கிறது, விட்டுவிடலாம். பொத்தென்று ஒலிக்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து அதே முறையில் நிரப்பித் தட்டி, மேலே புதுத் தட்டோடு பதிக்க வேண்டும். ஐந்து அடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் வேண்டும். தூம்புகளின் வாய் அடைத்திருக்கிறதா, சுவரை நனைக்காமல் தள்ளி விழுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். சுண்ணாம்பு வேலைக்குத் தை, மாசி, பங்குனி நல்ல காலம். சித்திரை வெயிலில் செய்தால் கலவை இறுகும் முன்னே காய்ந்து பொடியும். நனைத்த சாக்கு போர்த்திவைக்க ஆள் வேண்டும்.

முற்றத்து ஓட்டுக் கூரையில் கவனிக்க வேண்டிய இடம் நாலு மூலைகள். இரண்டு சரிவின் தண்ணீரும் சேர்ந்து ஓடுவது அங்கேதான், கைமரம் முதலில் உளுப்பதும் அங்கேதான். ஓடுகளைப் பிரித்து, தேறுவதைக் கழுவி அடுக்கி, குறைகிறவற்றுக்கு இடிக்கும் வீடுகளிலிருந்து பழைய ஓடு வாங்கிச் சேர்க்கலாம்.

தண்ணீரைத் தடுப்பதோடு பிடித்தும் வைக்கலாம். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு செ.மீ. மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. அன்று அப்படி ஒரு கூரையில் விழுந்தது 45,000 லிட்டர். முற்றத்தின் நடுவிலிருந்து கொல்லைக் கிணற்றுக்கு, மணலும் ஜல்லியும் நிரப்பிய வடிகட்டித் தொட்டி வழியாக ஒரு குழாய் போட்டால் அதில் ஒரு நல்ல பங்கு வீட்டிலேயே தங்கும். மிஞ்சுவது தெருக்கால்வாய்க்குப் போக இன்னொரு வழியும் கட்டாயம் வேண்டும்.

மரம்

மரத்தைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. நடுவில் பளபளவென்று இருக்கும் சட்டத்தின் நுனி சுவருக்குள் மக்கிப்போயிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் சுவரை ஒட்டிய இடத்தில் குத்திப் பார்த்தால் தெரியும். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் சந்தேகம்தான். கறையான் மண்கோடு இருக்கிறதா என்று நிலைக்கதவின் அடியிலும் தூணின் கல் பீடத்திலும் தேட வேண்டும்.

நுனி மட்டும் போயிருந்தால் முழுச் சட்டத்தையும் கழற்றத் தேவையில்லை. கீழே முட்டுக் கொடுத்து, மக்கிய பகுதியை அறுத்துவிட்டு, பழைய தேக்கிலேயே புதுத்துண்டு செய்து ஆசாரி ஒட்டுப்போட்டுப் போல்ட் இறுக்கலாம். பாரம் அதிகமான இடத்தில் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை அணைகொடுக்கலாம். சுவருக்குள் போகும் நுனியைச் சுற்றிச் சிமென்ட் அடைக்காமல் கொஞ்சம் காற்றோட இடம்விடுவது முக்கியம். போராக்ஸ்-போரிக் அமிலக் கரைசல் பூசுவது பூச்சிக்கும் பூஞ்சைக்கும் உதவும்; ஆனால் மழைத் தண்ணீர் நேராக விழும் மரத்தில் அது கரைந்துபோய்விடும். தூண்களுக்கு எனாமல் பெயிண்டை அடுக்கடுக்காக ஏற்றுவதைவிட, பழைய பெயிண்டை மெதுவாக எடுத்துவிட்டு எண்ணெய் ஏற்றினால் மரத்தின் வெடிப்பு, பூச்சி எல்லாம் அவ்வப்போது கண்ணுக்குத் தெரியும்.

சுவர், சுண்ணாம்பு, ஓதம்

வேலையில் மிகவும் பொறுமை கேட்பது இது. பழைய சுவர்கள் ஒன்றரை அடி, இரண்டு அடி கனம். அஸ்திவாரத்தில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் செங்கலுக்குள் ஏறுவதும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது ஆவியாகிப் போவதும் அன்றாடம் நடந்துகொண்டிருந்தது. அதன்மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் எமல்ஷனும் ஏறியதும் ஈரம் வெளியேறும் வழி அடைபட்டது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. அதில் கரைந்துவரும் உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி, செங்கலைப் பொடித்துத் தள்ளுகிறது. கடலை ஒட்டிய ஊர் என்பதால் உப்புக்குப் பஞ்சமில்லை. இடுப்புயரத்தில் பெயிண்ட் பொருக்குவிட்டு உதிரும் சுவருக்கு மேலே மறுபடி வாட்டர்ப்ரூஃப் சிமென்ட் பூசினால், அடுத்த வருடம் அந்தக் கோடு தோளுயரத்துக்கு வரும்.

ஆகவே முதலில் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும், ஓதக் கோட்டுக்கு மேலே இன்னும் ஓர் அடிவரை. பிறகு சுவரைச் சும்மா விட வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் ஒப்பந்தக்காரர்கள் விரும்புவதில்லை. மாடியில் வேலை நடக்கும் மாதங்களிலேயே கீழே சுவர் காய்ந்துகொண்டிருந்தால் நேரம் வீணாகாது. வெளியே பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். கழுவிவிட்டால் அது திரும்பவும் சுவருக்குள் போகும். பொடிந்த செங்கலைப் பெயர்த்து, அதே அளவு நாட்டுச் செங்கலைச் சுண்ணாம்புக் கலவையில் வைக்கலாம்.

பூச்சுக்கு வேண்டியது நன்றாக நீர்த்த சுண்ணாம்பு. கற்சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ, தொட்டியில் தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் கிடந்து வெண்ணெய்போல் குழைய வேண்டும். நீராத துகள் ஒன்று உள்ளே இருந்தாலும் பூசிய பிறகு பொரிந்து கொப்புளம் விடும். மணல் உப்பில்லாததாக இருக்க வேண்டும், கடற்கரை மணல் கூடவே கூடாது. பழைய பூச்சின் சிறு துண்டை ஆய்வுக்குக் கொடுத்தால், அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்து மிஞ்சும் மணலைக் கொண்டு அந்தக் காலத்துக் கலவை விகிதத்தைச் சொல்லிவிடுவார்கள். அரை அங்குலத்துக்கு மிகாமல் ஒவ்வொரு பூச்சாகப் பூசி, நடுவே நாட்கள் விட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாகும். அவசரம் அதற்கு ஆகாது.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பழைய வழவழப்புப் பூச்சு எங்காவது மிச்சமிருந்தால் அதைத் தொடவே வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். அதைத் திரும்பச் செய்யக்கூடிய கைகள் குறைவு.

மின்கம்பி, தண்ணீர்க் குழாய், அறைகள்

குடும்பத்தின் தேவைகளை இப்போது பேசலாம். தாத்தா பாட்டி, கணவன் மனைவி, படிக்கிற பிள்ளைகள் இருவர் என்று வைத்துக்கொள்வோம். வீடு திண்ணை, நடை, முற்றம், கூடம், பின்கட்டு, கொல்லை என்று வாசலிலிருந்து பின்னோக்கி நீள்கிறது. தண்ணீர் புழங்கும் எல்லாவற்றையும் பின்கட்டில் ஒரே வரிசையில் வைப்பதுதான் நல்ல ஏற்பாடு: சமையலறை, துணி துவைக்கும் இடம், கீழ்க் குளியலறை, அதற்கு நேர் மேலே மாடிக் குளியலறை. மரச்சட்டத் தளத்தின் மேல் குளியலறை கட்டக்கூடாது. மாடியில் வேண்டுமென்றால் பின்கட்டில் தனிச் சுவரோ இரும்புச் சட்டகமோ எழுப்பி, பழைய தளத்தைத் தொடாமல் நிறுத்த வேண்டும். மேல்நிலைத் தொட்டியும் அப்படித்தான். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். அது கனத்த சுவர்களின் தலைமேல் உட்கார வேண்டும், மெட்ராஸ் டெரஸின் நடுவில் கூடாது. தாத்தா பாட்டிக்குக் கீழேயே படுக்கையறை, அதை ஒட்டிக் குளியலறை. உயரமான நிலைப்படியை அறுக்காமல் இரண்டு பக்கமும் எடுத்துவிடக்கூடிய மரச்சரிவு போட்டு, சுவரில் ஒரு பிடிகம்பி வைத்தால் நடமாட்டம் சுலபமாகும்.

பழைய வயரிங்கை ஒட்டுப்போடாமல் முழுவதும் மாற்றிவிட வேண்டும். சுண்ணாம்புச் சுவரை நீளநீளமாகக் காடி வெட்டிக் குழாய் புதைப்பதைவிட, மரத்தாலான கேசிங் கேப்பிங்கில் உத்திரத்தை ஒட்டி வெளியே ஓட்டுவது சுவருக்கும் நல்லது, பழுது பார்க்கவும் எளிது. எர்த்திங் புதிதாகப் போட்டு, 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வைக்க வேண்டும், மரம் அதிகமுள்ள வீட்டில் இதில் சமரசம் கூடாது. இரண்டடிச் சுவரை வைஃபை அலை தாண்டுவது கஷ்டம். அதனால் அப்போதே கூடத்துக்கும் மாடிக்கும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அறைக்கும் இணையக் கம்பி இழுத்துவிட வேண்டும்.

ஏசி எல்லா அறைக்கும் வேண்டியிருக்காது. கனத்த சுவர், உயர்ந்த தளம், முற்றத்துக் காற்று மூன்றும் சேர்ந்தால் கூடமும் தாழ்வாரமும் மின்விசிறியோடு சமாளிக்கும். படுக்கையறைகளில் வைக்கும்போது வெளிப்பெட்டியைக் கொல்லைப் பக்கம் நிறுத்தி, அதிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குழாயில் பிடித்துக் கால்வாயில் விட வேண்டும். அந்தச் சொட்டு ஒரே இடத்தில் சுவரில் விழுந்தால் ஒரு கோடையிலேயே பூச்சு இளகிவிடும்.

முற்றத்தை என்ன செய்வது என்று ஒவ்வொரு குடும்பமும் யோசிக்கும். மழைச்சாரல், கொசு, குரங்கு, திருட்டு பயம் என்று காரணங்கள் உண்டு. பாலிகார்பனேட் தகடு போட்டு மூடிவிட்டால் வீட்டின் சூடு போக்குவதற்கு இருந்த ஒரே புகைபோக்கி அடைபட்டது போலாகும். பகலில் கூடம் வேகும். இரும்புக் கம்பி வலையும் அதன்கீழே கொசுவலையும் போதும். கண்ணாடிக் கூரைதான் வேண்டுமென்றால் ஓட்டுக்கூரைக்கு மேலே இரண்டடி உயர்த்தி, நாலு பக்கமும் காற்றுப் போக்குக்குத் திறந்து வைக்க வேண்டும்.

புது அறை தடுக்கும்போது செங்கல் சுவர் எழுப்பாமல், தூண்களுக்கிடையே மரச்சட்டகத்தில் கண்ணாடியோ பலகையோ பொருத்தலாம். நாளைக்குப் பிள்ளைகள் வளர்ந்து தேவை மாறினால் கழற்றி எடுத்துவிடலாம், தூணில் ஓர் ஆணி வடுகூட இருக்காது. பழைய தரையில் சிவப்புக் காரையோ ஆத்தங்குடிக் கல்லோ இருந்தால் அதன்மேல் விட்ரிஃபைடு ஓடு ஒட்டவே கூடாது. கீழே இருக்கும் ஈரம் போக்கிடமில்லாமல் சுவருக்கு ஏறும், அத்தனை செலவு செய்து காயவைத்த அதே சுவருக்கு.

காருக்காகத் திண்ணையை இடிப்பதுதான் தெருவின் முகத்தையே மாற்றிவிடும் முடிவு. ஒரு வீட்டில் திண்ணை போனால் தாழ்வாரம் தொடர் அறுகிறது, பக்கத்து வீட்டாரும் அதையே செய்கிறார்கள். வாகனத்தைத் தெருக்கோடியில் வாடகைக்கு நிறுத்திக்கொள்வது அதைவிடச் சிறு தொல்லை. திண்ணை இருக்கும் வீட்டில் பிள்ளைகள் சாயங்காலம் அங்கேதான் உட்கார்ந்து படிப்பார்கள், பாட்டியும் தெருவைப் பார்த்தபடி இருப்பார்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வைக்காமல் தொடங்கக்கூடாது. பழைய பூச்சை உரித்தால் என்ன வெளிவரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பணம் குறைந்தால் அடுப்படி அலமாரியைத் தள்ளிப்போடலாம், மாடியைத் தள்ளிப்போட முடியாது.

குடிபுகுந்த பிறகு ஆண்டுதோறும் புரட்டாசியில் ஒருநாள் இதற்கென்று வைத்துக்கொள்ள வேண்டும். மாடியில் முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் வேரோடு எடுத்து, தூம்புகளைக் குத்தி, மூலை ஓடுகளைத் திருப்பி, மொட்டைமாடியில் நாலைந்து குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒருவர் மேலே நின்று ஊற்ற, இன்னொருவர் முற்றத்தில் நின்று பார்க்கலாம். தண்ணீர் தூம்பு வழியாக இறங்கி, சுவரில் படாமல் முற்றத்தில் விழுந்து, வடிகட்டித் தொட்டி கடந்து கிணற்றில் சொட்டும் சத்தம் கேட்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.